கீறல் மேசைக்குப் பொங்கல் வரை கெடு

டிவி கேம் பெட்டியில் விழுந்த கீறலை எடுப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று சிரிப்பவர்கள், முதலில் தங்கள் வீட்டுப் பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். துடைக்கிறேன் என்று கிளம்பி, இருந்ததையும் கெடுத்துக்கொண்டவர்கள்தானே நீங்களும்!

எண்பதுகளின் கடைசி. நாமக்கல்லில் லாரிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மூச்சிரைப்பு வந்து, இனி பெயிண்ட் வாடையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேலம் சூரமங்கலத்தில் என் மனைவியின் அண்ணன் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த கேம் பெட்டிகளும் அங்கே பழுதுக்கு வரும். ஓரமாக ஒரு மேசை போட்டுக் கீறல் எடுக்கிறேன் என்றேன். மச்சானுக்கு நம்பிக்கையே இல்லை. "பொங்கல் வரைக்கும் பாருங்க மாப்ள. ஆகலீன்னா மறுபடி பெயிண்ட் பட்டறைக்கே போயிருங்க."

பித்தளையோடு பித்தளையாக

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு அம்மா துணி சுற்றிய பெட்டியோடு வந்தார். தையல் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள், கேம் பெட்டியும் மெஷின்தானே என்று அதற்கும் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டாமா? குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி, சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் விளக்கிவிட்டார். நல்லவேளை, உள்ளே தண்ணீர் போகவில்லை. ஆனால் கறுப்பு மூடி அம்மிக்கல் மாதிரி ஆகியிருந்தது. பெட்டியை வாங்கிவந்த கொழுந்தனார் தீபாவளிக்கு வருகிறாராம். அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

லாரிக்குச் செய்வதைத்தான் செய்தேன். நைஸ் வாட்டர் பேப்பர் என்ற மெல்லிய உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தேன். பிறகு மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்டைப் பனியன் துணியில் தொட்டு இரண்டு நாள் விடாமல் தேய்த்தேன். மூன்றாம் நாள் மூடியில் என் மீசை தெரிந்தது. வாங்க வந்த அம்மா திகைத்துப்போய்க் கேட்டார்: "ஏனுங்க, இது எங்கூட்டுப் பெட்டிதானுங்களா? இப்படிப் பளபளன்னு இருந்தா, நாங்க தொடவே இல்லீன்னு எங்க கொழுந்தனாரு கோவிச்சுக்குவாருங்களே!"

கட்டைவிரல் ரேகை

அந்த அம்மா திகைத்ததைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சேலத்திலேயே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு பேங்க் ஆபீசரின் வெள்ளைப் பெட்டி வந்தது. மூடியில் ஒட்டிய பிசின் போகவே இல்லை. டாக்டர் சொன்னதையும் மறந்து, பழக்க தோஷத்தில் பெயிண்ட் கரைக்கும் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். லாரித் தகரம் அதைத் தாங்கும். பிளாஸ்டிக் இளகிவிட்டது. என் கட்டைவிரல் ரேகை அப்படியே மூடியில் பதிந்துவிட்டது. மச்சான் எட்டிப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் மூடி முழுவதையும் ஒரே சீராகத் தேய்த்து, பளபளப்பே இல்லாத மங்கல் வெள்ளையாக்கினேன். ஆபீசரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் மூடியைத் தடவித் தடவிப் பார்த்தார். "முன்னாடி ட்யூப் லைட் பட்டுக் கண்ணு கூசும். இப்பத்தாங்க லட்சணமா இருக்கு. கையில புடிச்சு ஆடுற ரெண்டையும் இதே மாதிரி பண்ணிக் கொடுத்துருங்க!"

வழுக்கிய திருப்புளி

பொங்கலுக்கு நாலே நாள். ஜங்ஷன் பக்கம் வீடியோ கேம் கடை வைத்திருந்தவரின் பெட்டியை மச்சான் கழற்றிக்கொண்டிருந்தார். திருப்புளி வழுக்கி, மூடியின் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. அந்த மனிதர் மகா கோபக்காரர். சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். மச்சான் மூடியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். நான் வாட்டர் பேப்பரை நனைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து தேய்த்தேன். வந்தவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையிலுள்ள மற்ற ஐந்து பெட்டிகளையும் கீறல் எடுக்க நாளைக்கே அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் தெரு திரும்பியதும் மச்சான் என் மேசையைத் தானே தூக்கிக் கடை முன்பக்கம் போட்டார். "வெளிச்சத்துல உக்காருங்க மாப்ள. பொங்கலாவது ஒண்ணாவது! நான் திருப்புளி புடிக்கிற வரைக்கும் நீங்க இங்கதான் இருக்கோணும்."

ஆக, இந்தத் தொழிலில் நான் நிலைத்ததற்கு என் கைத்திறமை கால்பங்கு, மற்றவர்கள் கை செய்த வேலை முக்கால்பங்கு.