நீல வலைக்குக் கீழே

என் பீரோவில், புடவைகளுக்கு அடியில், ஒரு நீல நைலான் வலைத்துண்டை மடித்து வைத்திருக்கிறேன். நாலைந்து கண்கள்தான் இருக்கும். ஒரு ஓரம் கத்தியால் அறுத்தது. அதைத் தொட்டால் இன்றும் என் கைகள் தானாக மேலே போகின்றன.

காத்திவாக்கத்தில் கடலோரப் பள்ளி ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு நான் ஆயா. பல வருஷங்களுக்கு முன் அதன் முற்றம் வெறும் சிமென்ட் தரை. வெயிலில் கொதிக்கும், காற்றடித்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும். எங்கள் பெரிய டீச்சர் அதை மாற்றியே தீருவேன் என்று நின்றார். தரையைப் பெயர்த்து மணல் கொட்டினார். லாரி டயர்களைப் பாதி புதைத்து உட்கார இடம் செய்தார். கூரானது எதுவும் பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது என்று சத்துணவுக் கூடத்து அரிவாள்மனையைக்கூடப் பூட்டி வைக்கச் சொன்னார். ஏறி விளையாட வலை வேண்டும் என்றதும், பிள்ளைகளின் அப்பாக்கள் பழைய விசைப்படகு வலையைக் கொண்டுவந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டினார்கள். தாங்குமா என்று டீச்சர் கேட்டதற்கு ஒருவர் சிரித்தார். "சொறா மாட்னாலே அறுத்துக்கினு போவாது டீச்சரம்மா. இதுங்க இன்னா பண்ணிடும்?" அறுந்துவிடக்கூடாது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த கவலை. பிடித்ததை வலை விடாது என்பது அவர்கள் பிழைப்பு. அது யாருக்கும் ஆபத்தாகத் தோன்றவில்லை.

முதல் நாளே, சிரித்தவரின் மகள் ஒரு வலைக்கண்ணுக்குள் தலையை விட்டாள். கால் வழுக்கியது. அவள் எடை இழுக்க இழுக்கக் கண் சுருங்கிக் கழுத்தைப் பிடித்தது. ஓடிப்போய் அவள் கால்களைத் தூக்கிப் பிடித்தேன். நாலு பேர் முன்னால் எப்போதும் வராத என் குரல் அப்போதும் வரவில்லை. மற்ற பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் டீச்சர் வந்தார். அறுக்கக் கத்தி இல்லை, எல்லாம் பூட்டில். டீச்சர் போட்ட கூச்சலுக்கு, கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த அந்த அப்பா கத்தியோடு ஓடிவந்தார், ஆனால் மகளின் கழுத்தருகே கத்தியைக் கொண்டுபோக அவரால் முடியவில்லை. டீச்சர்தான் கத்தியை வாங்கி அறுத்தார். பிள்ளை என்மேல் விழுந்து இருமியது. அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு டீச்சர், கைவிரலும் கால்விரலும் மட்டும் நுழையும் சின்னக்கண் வலையை, தொய்வில்லாமல், இடுப்புயரத்துக்குக் கட்டவைத்தார். பிள்ளைகளை ஏறவிடும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ கீழ நிப்பியான்னு சொல்லு. இல்லன்னா இப்பவே அவுத்துடலாம்." தலையாட்டினேன்.

டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். வலை இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் சறுக்குமரம், கீழே ரப்பர் தரை. என்னை யாரும் நிற்கச் சொல்வதில்லை. ஆனாலும் ஒரு பிள்ளை படியேறினால் போய்க் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். "இன்னா ஆயாம்மா, பந்து புடிக்கப் போறியா?" என்று நேற்று ஒரு வாண்டு மேலேயிருந்து கேலி செய்தான். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து, அந்த வலைத்துண்டின் ஒரு கண்ணுக்குள் கையை விட்டு இழுத்துப் பார்த்தேன். எத்தனை வருஷத்து நைலான். இன்னும் இறுகுகிறது.