ஓசோன் மெஷின் உள்ளே, கொழுந்தன் வெளியே

மழைக்குப் பயந்து கருவாட்டு மூட்டைகளை உள்ளறையில் வைத்திருந்தோம். மூட்டைகள் விற்றுப் போய்விட்டன, நாற்றம் மட்டும் போகவில்லை.

இன்று காலை என் கொழுந்தன் ஆன்லைனில் வாங்கிய ஓசோன் மெஷினோடு பனித்திட்டு கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். "கொஞ்ச நேரம் ஓட்டுனா போதும் அண்ணி, வாடையே இருக்காது."

அந்த அறையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீசிங் உண்டு.

"பாப்பாவ எழுப்பிடவா?"

"வாணாம் அண்ணி. சுத்தமான காத்துதான், ஒன்னும் ஆவாது."

சுவிட்சைப் போட்டான். போட்ட கையோடு மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"சுத்தமான காத்துன்னா நீ இன்னாத்துக்குப்பா ஓடியார?"

உள்ளே பாய்ந்து மகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் இருமத் தொடங்கியிருந்தாள். மெஷினை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். வெளிக்காற்றில் வெகுநேரம் உட்கார்ந்த பிறகுதான் இருமல் அடங்கியது.

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னான்: "ஓடும்போது உள்ள யாரும் இருக்கக் கூடாதாம் அண்ணி. நிறுத்துனப்புறமும் நல்லா காத்து வுட்டுட்டுதான் போவணுமாம்."

இப்போது தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கருவாட்டு வாடைக்கு உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? அதைச் செய்யும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதையும் தயவுசெய்து சேர்த்துச் சொல்லுங்கள்.