பழைய கார் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

பழைய கார் வியாபாரத்தில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வராது. வாங்க வருகிறவரே நமக்கும் சேர்த்துத் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டில் ஆட்டோ கன்சல்டிங் வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்ட் வண்டி கைமாற்றிவிடுவது, பெயர் மாற்றித் தருவது, எஃப்.சி. காட்டுவது என்று பிழைப்பு ஓடுகிறது. நடுநடுவே, “கம்மி பட்ஜெட்ல ஒரு அம்பாசிடர் கிடைக்குமா, ஒரு பத்மினி கிடைக்குமா?” என்று கேட்டுச் சிலர் வருவார்கள். இவர்களிடம் கமிஷன் குறைவு, அலைச்சல் அதிகம். ஆனாலும் நான் விடுவதில்லை. பவர் ஸ்டியரிங் இல்லாத, ஏ.சி. இல்லாத, மழை பெய்தால் உள்ளேயும் பெய்கிற ஒரு வண்டியை மனிதர்கள் ஏன் காசைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாளாகப் பிடிபடாத விஷயம். கேட்டால் ஒருவர் கல்யாண போட்டோவுக்கு என்பார். ஒருவர் பதில் சொல்லாமல் சிரிப்பார். நான் ஓட்டுவது ஆட்டோமேட்டிக் கார் என்பதால் எனக்கு இந்த வியாதி புரியவில்லையோ என்னவோ. நீங்களும் இந்த ஆசையில் மாட்டிக்கொண்டு ஷெட் ஷெட்டாக அலைந்தவராக இருந்தால் செல்வராஜ் சார் கதையைக் கேளுங்கள். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

காந்தம்

செல்வராஜ் சார் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில், அதாவது பீஸ்களில் குறை பார்த்து ஒதுக்குகிற வேலையில், இருப்பதாகச் சொன்னார். ஒன்றரை லட்சத்துக்குள் ஒரு பழைய கார் வேண்டும் என்றார். எந்தக் கார் என்றால், “நல்லதா இருந்தாப் போதும் மேடம்.” கூட வந்திருந்த அவர் மனைவி முத்துலட்சுமி, மடியில் ஹேண்ட்பேக்கை வைத்துக்கொண்டு அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என்னிடம் நிபந்தனையைச் சொன்னார். “ஆயுத பூஜைக்குள்ள கார் அமைஞ்சா கார். இல்லன்னா அந்தக் காசுக்கு மாடியில ஷீட்டப் போட்டு ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விட்ருவேன்க்கா. ரெண்டுக்கும் காசு கெடையாது.” ஓசூரில் மொட்டை மாடி சும்மா கிடந்தால் அக்கம்பக்கத்தில் துக்கம் விசாரிப்பார்கள். அதனால் அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

முதலில் பாகலூரில் ஒரு கருப்பு கான்டெஸ்ஸா காரைக் காட்டினேன். ரியல் எஸ்டேட் செய்கிற நஞ்சப்பாவுடையது. விலை எட்டாது என்று தெரியும். இருந்தாலும் முதலில் பெரியதைக் காட்டினால் சின்னது பிடித்துப்போகும் என்பது எங்கள் தொழில் ரகசியம். செல்வராஜ் சார் வண்டியைச் சுற்றி இரண்டு முறை வந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு வட்டக் காந்தத்தை எடுத்தார். துருப்பிடித்த தகட்டை வெட்டாமல் மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுக்கிற காரைத் தாராளமாகப் பார்க்கலாம். பானெட்டில் காந்தம் ஒட்டியது. முன் கதவில் ஒட்டியது. பின் கதவில் கையை எடுத்ததும் தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தவர், எழுந்த பிறகும் அந்தக் கார் மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை. நஞ்சப்பா இதற்கெல்லாம் அசருகிற ஆளா?

“காந்தம் ஒட்டலன்னா இன்னா சார், உங்க கண்ணு ஒட்டிக்கினு வரமாட்டேங்குதே.”

மாம்பழ அம்பாசிடர்

அடுத்த ஞாயிறு வேப்பனப்பள்ளி. அங்கே முனிரத்னம் என்கிற மாந்தோப்புக்காரரிடம் ஒரு டீசல் அம்பாசிடர் இருந்தது. விலை நம் பட்ஜெட்டுக்குள் தாராளமாக வந்தது. ஏன் வந்தது என்பது கதவைத் திறந்ததும் தெரிந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு வருஷக்கணக்காக அதில் மாங்காய்க் கூடை ஏற்றியிருக்கிறார். வண்டிக்குள் பழ வாசனை ஆளைத் தூக்கியது. வெளித்தகட்டில் காந்தம் சமர்த்தாக ஒட்டியது. ஆனால் செல்வராஜ் சார் கால்மிதி மேட்டைத் தூக்கினார். நீங்களும் எங்கே போனாலும் அதைத் தூக்கிப் பாருங்கள். மேட்டுக்குக் கீழே தகடு இருந்த இடத்தில் தரை தெரிந்தது. தரையில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

செல்வராஜ் சார் உதட்டைப் பிதுக்கினார். வந்த டீசல் வீணாகக் கூடாதே என்று நான் முனிரத்னத்திடம் தெலுங்கில், மெதுவாக, “விலையைக் குறைத்துச் சொல்லுங்கள். அந்தம்மா முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், காசு அவர் பையில்தான் இருக்கிறது. சார் சும்மா பார்க்கிறவர்” என்றேன். இந்த எல்லையில் எங்களுக்கெல்லாம் இது ஒரு கெட்ட பழக்கம். எதிராளிக்குத் தெரியாத பாஷை ஒன்று நம்மிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருப்போம். கோவில்பட்டிக் கரிசல் காட்டில் வீடு வீடாகத் தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அன்றைக்கு என் புத்தியில் உறைக்கவில்லை. முத்துலட்சுமி திரும்பி, எங்கள் ஊரில் கேட்டிராத ஒரு பழைய, அழகான தெலுங்கில் சொன்னார். அதைத் தமிழில் தருகிறேன்.

“வெலையக் கொறைக்கது இருக்கட்டும்க்கா, மொதல்ல அந்தக் கோழிய வெளிய வெரட்டச் சொல்லுங்க. வண்டியோட சேத்து எங்க தலையில கட்டிறப் போறாரு.”

ஆனேக்கல் பச்சை

இதற்குப் பிறகு பல வண்டிகள் பார்த்தோம். எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு குறை கிடைத்தது. குறை கிடைக்கும்போதெல்லாம் அவர் முகம் தெளிவதை நான் கவனித்தேன். அது ஏன் என்று மட்டும் விளங்கவில்லை. ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எல்லை தாண்டி ஆனேக்கலில் ஒரு பச்சைப் பத்மினி அமைந்தது. ஓனர் கிரண், கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன். கர்நாடகா நம்பர் என்பதால் விலை மலிவு. அங்கே என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. மேட்டுக்குக் கீழே கோழி இல்லை, முழுத்தகடு இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் இருக்கிற அந்த முன் சீட்டில் உட்கார்ந்த செல்வராஜ் சார் அந்தக் கியரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. முத்துலட்சுமி ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறந்தார். காகிதம் பார்ப்பது என் வேலை. இன்ஜினைத் துணியால் துடைத்து நம்பரைப் படித்தேன். ஆர்.சி.யில் இருந்தது வேறு நம்பர். எந்தக் காலத்திலோ யாரோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள், ஆர்.சி.யில் ஏற்றவில்லை. பாவம், கிரணுக்கே அது தெரியாது. பையன் முகம் செத்துவிட்டது.

இப்படி ஒரு வண்டியை வாங்கினால் பெயர் மாறாது. காரும் ஓடாது, ரூமும் எழும்பாது, முதலுக்கே மோசம். ஆனால் செல்வராஜ் சார் சீட்டை விட்டு இறங்கவில்லை. “நம்பர்தான மேடம், பாத்துக்கிடலாம்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கமிஷன் போனால் போகட்டும், ஆள் ஏமாறக் கூடாது. “உங்க கம்பெனியில இப்படி நம்பர் மாறி ஒரு பீஸ் வந்தா விட்ருவீங்களா சார்?” என்று கேட்டேன். அவர் இறங்கி, கதவை அலுங்காமல் சாத்தினார்.

“அங்க இப்ப என்னைய யாரு மேடம் கேக்கா? கேமரா வச்சிட்டாங்க, அதுவே பாத்துச் சொல்லிருது. நான் ஸ்டோர்ல நிக்கேன்.”

அந்தம்மா மட்டும் வந்த நாள்

இரண்டு நாள் கழித்து முத்துலட்சுமி தனியாகக் கடைக்கு வந்தார். கொத்தனார் மாடியை அளந்துவிட்டுப் போயிருக்கிறாராம். அட்வான்ஸ் கேட்கிறாராம். டீ வாங்கிக் கொடுத்தேன். இருபது வருஷமாக வீட்டில் சோற்றில் கல் இருந்தாலும் புடவையில் இழை போயிருந்தாலும் முதலில் சொல்கிற மனிதர், ஸ்டோருக்கு மாற்றிய பிறகு எதையுமே சொல்வதில்லையாம். கார் பார்த்துவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வாய் ஓயாதாம். அதற்காகத்தான் முத்துலட்சுமி கொத்தனாரை நிறுத்தி வைத்திருக்கிறார். வியாபாரம் தெரிந்த நான் இத்தனை நாள் வண்டியைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்க எத்தன பேரப் பாத்திருப்பீங்க. இவருக்கு வாங்க ஆசையா, பாக்க ஆசையா? அத மட்டும் சொல்லுங்கக்கா.”

சானமாவில் ஒரு நிறுத்தம்

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு உத்தனப்பள்ளிக்குப் போனோம். அங்கே வெங்கடேஷ் என்பவர் ரோஜா பயிர் செய்கிறார். பூக்களைக் கட்டி அனுப்ப இடம் போதவில்லை என்று ஷெட்டில் கிடந்த வெண்ணெய் நிறப் பத்மினியை விற்கிறார். தமிழ்நாட்டு நம்பர், ஒரே ஓனர், காகிதங்கள் கச்சிதமாக இருந்தன. இன்ஜின் நம்பரை நான் இரண்டு முறை படித்தேன். அடித்தகடு கெட்டி, பிரேக்கும் கெட்டி. மற்றதெல்லாம் செல்வராஜ் சாருக்குத் திருவிழா. டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கவில்லை. வைப்பர் பாதி வழியில் நின்றது. ஸ்பீடோமீட்டர் முள் படுத்தே கிடந்தது. இடப்பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது. ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, வழக்கம்போல, “இது தேறாது மேடம்” என்றார். முத்துலட்சுமி, “வந்ததுக்கு ஓட்டியாவது பாப்போம்” என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன். வெங்கடேஷ் செல்வராஜ் சாரிடம் சாவியைக் கொடுத்தார்.

ஓசூர்ப் பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்தோம். சானமாவு காட்டை ஒட்டி வனத்துறை ஆட்கள் வண்டிகளை நிறுத்தி, இன்ஜினை அணைக்கச் சொன்னார்கள். கொஞ்ச தூரத்தில் யானைகள் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. குட்டி ஒன்று ரோட்டின் நடுவில் நின்று யோசித்தது. அத்தனை வண்டியிலும் மூச்சுச் சத்தம் இல்லை. செல்வராஜ் சார் யானையைப் பார்க்கவே இல்லை. இறங்காத கண்ணாடியின் கைப்பிடியைச் சத்தம் வராமல் திருகி, காதைக் கதவில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது முத்துலட்சுமி கிசுகிசுத்தார். “இதுல உங்களால சரி பண்ண முடியாதது எது?” அவர் காதை எடுக்காமலே சொல்லிக்கொண்டு போனார். கண்ணாடி, உள்ள சக்கரத்துல பல்லு தேஞ்சிருக்கு, மாத்திரலாம். வைப்பர், மோட்டாரக் கழத்திப் பாக்கணும். மீட்டர், கேபிளாத்தான் இருக்கும். ஹாரன், வயர் எங்கயோ உரசுது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, முடியாதது எது என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அதற்குள் குட்டி போய்விட்டது, ஃபாரஸ்ட் கார்டு போகச் சொல்லிக் கை காட்டினார். செல்வராஜ் சார் சோக்கை இழுத்து இரண்டாவது தடவையில் ஸ்டார்ட் செய்து, இடப்பக்கம் ஒடித்ததும் ஹாரன் அடித்தது. கார்டு தலையில் கை வைத்துக்கொண்டார். “யானைக்கு டாட்டா சொல்றீங்களா சார்? சத்தமில்லாம கெளம்புங்க.”

வெங்கடேஷ் வீட்டுக்குத் திரும்பியதும் முத்துலட்சுமி இறங்கி நேராக அவரிடம் போனார். தெலுங்கில் பேரம் பேசி, பட்ஜெட்டுக்குக் கீழேயே முடித்து, ஹேண்ட்பேக்கைத் திறந்து அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. கொத்தனாருக்குப் போக வேண்டிய காசு ரோஜாத் தோட்டத்துக்குப் போவதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வராஜ் சார் பதறிப்போய், “இவ்வளவு கொறை இருக்கே லட்சுமி, நல்ல வண்டியாப் பாத்து வாங்குவோம்” என்றார். அதற்கு முத்துலட்சுமி சொன்னதைக் கேட்டு நான் கமிஷன் கேட்கவே மறந்துபோனேன்.

“எல்லாம் சரியா இருக்க வண்டிய வாங்கிக் குடுத்தா ஞாயித்துக்கெழம நீங்க என்ன செய்வீங்க?”

பழைய காரின் தகட்டையும் காகிதத்தையும் நான் பார்த்துச் சொல்லிவிடுவேன். எந்தக் கோளாறோடு வாழ்ந்தால் உங்களுக்குச் சந்தோஷம் என்பதை மட்டும் வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.