மூன்றாவது முடிச்சு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரை டீமேக்கர் அம்மாவாகத்தான் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையைப் பொறுப்பேற்று நடத்துகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவருடைய நற்குணங்களை வரிசையாக எழுதினால், "யாரப் பத்திடா எழுதியிருக்க?" என்று அவரே கேட்டிருப்பார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா நமுனுகுல மலையடிவாரத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தார். அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தார். உயர்தர வகுப்பு வரை பதுளைக்குப் போய்ப் படித்த அக்காவுக்கு இளவயதிலேயே திருமணம் நடந்தது. கொஞ்ச காலத்தில் அத்தான் காய்ச்சலில் காலமானார். குழந்தைகள் இல்லை. பெற்றோரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர, அக்காவும் நானுமே மிஞ்சினோம். என்னைப் படிக்கவைத்தவர் அக்கா.

அவர் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது உறவுக்குள் பெரிய பேச்சு எழுந்தது. காரணம், இரவு வேலை. பண்டாரவளையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் எங்கள் சித்தப்பா, "புருஷன் இல்லாத பொண்ணு, ராத்திரியில ஆம்பளைங்களோட மெஷின்கிட்ட நிக்கிறதா?" என்று வீட்டுக்கே வந்து கேட்டார்.

"கொழுந்துக்கு ராத்திரி, பகல் தெரியாதே சித்தப்பா" என்றார் அக்கா. அத்துடன் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து அதே தொழிற்சாலைக்கு அவரே டீமேக்கர் ஆனார்.

சித்தப்பாவைப் பற்றி இங்கே எழுதியிருப்பதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். "நடந்ததுதானே, எழுது" என்றார். ஆகையால் படிக்கும் உறவினர்கள் யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை.

எனக்குத் திருமணம் நிச்சயமாகி, நாளும் குறித்தாகிவிட்ட நேரத்தில் அக்காவுக்கு ஓர் அழைப்பு வந்தது. தேயிலைத் துறையில் பொறுப்பான பதவிகளில் இருக்கும் பல நாட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு வலையமைப்பு நடத்துகிறார்கள். அவர்களுடைய மாநாடு கென்யாவில். அக்கா அங்கே பேச வேண்டும். மாநாடும் என் முகூர்த்தமும் ஒரே நாளில் விழுந்தன.

எங்கள் குடும்ப வழக்கத்தில் தாலியின் முதல் இரண்டு முடிச்சுகளை மாப்பிள்ளை போடுவார். மூன்றாவதை மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் போடுவாள். எனக்கு இருந்ததோ ஒரே அக்கா. ஆகவே அக்கா போகக் கூடாது என்று சித்தப்பா சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு பெட்டி பழத்தோடு வந்தார்.

"ஆப்பிரிக்காவுக்கே கூப்பிடுறாங்கன்னா சும்மாவா? நீ தைரியமா போயிட்டு வாம்மா. இங்க எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம்."

அவர் மட்டுமல்ல, அத்தைமார், பெரியம்மாமார் எல்லோரும் ஒரே குரலில் பெண்கள் முன்னேற்றம் பேசினார்கள். ஒருவர் பயணப்பெட்டிகூட வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர்கள் போன பிறகு அக்காதான் விளக்கினார்.

"தாலி கட்டுற எடத்துல நான் கை வைக்கக் கூடாது. அத மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரல. கென்யா வந்து அவங்களக் காப்பாத்திருச்சு."

முகூர்த்த நாளை மாற்றுவதாகச் சொன்னேன். அக்கா சம்மதிக்கவில்லை. "மாத்தினாலும் முடிச்சுப் போட விடமாட்டாங்க. இங்க இருந்தா ஓரமா நிக்கணும். அங்க மேடையில நிக்கச் சொல்றாங்க. நான் போறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அக்கா பெட்டியை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

இந்தப் பேச்சை நான் மணப்பெண்ணிடம் சொல்லியிருந்தேன். அக்கா என்றைக்குத் திரும்புவார் என்று மட்டும் கேட்டார்.

முகூர்த்தம் பதுளையில் நடந்தது. மணப்பெண்ணின் பின்னால் சித்தப்பாவின் மகள் வசந்தி, புதுச் சேலையில் தயாராக நின்றாள். நான் இரண்டாவது முடிச்சைப் போட்டதும் அவள் குனிந்தாள். அப்போது மணப்பெண் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"இது அண்ணி வந்து போடட்டும்."

"நேரம் போகுதும்மா" என்றார் ஐயர்.

"போகட்டுங்க ஐயா. ரெண்டு முடிச்சு அவ்வளவு சீக்கிரமா அவுந்துறாது."

கெட்டிமேளத்தை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மேளக்காரர்கள் வியர்த்து ஊற்ற அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சித்தப்பாதான் எழுந்து, போதும் என்று கையை ஆட்டினார். அவர் கண்ணில் படாமல் வசந்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அக்காவை அழைத்துவரக் கட்டுநாயக்கவுக்கு வேன் பிடித்தோம். விமான நிலையப் பயணத்தை எங்கள் ஆட்கள் யாரும் தவறவிடுவதில்லை. சித்தப்பா எல்லோருக்கும் முந்தி வந்து முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் அக்கா பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். மாநாட்டு அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. என் மனைவி நேராகப் போய், முதுகைக் காட்டி நின்று, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டார்.

"மூணாவது பாக்கி இருக்கு அண்ணி."

"இங்கயேவா?"

"வீட்டுக்குப் போனா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க."

அக்கா கைப்பையை என்னிடம் கொடுத்தார். முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, "இனி அவுழாது" என்றார். என் வாழ்வில் நான் அதிகம் சந்தோஷப்பட்ட நாள் எது என்று கேட்டால், கல்யாண நாளைச் சொல்லமாட்டேன். இந்தக் காலையைத்தான் சொல்வேன்.

திரும்பும் வழியில் அக்கா மாநாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். இரவு வேலைக்கு வரும் பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறை கேட்டுப் போராடி வாங்கியதைப் பற்றித்தான் பேசினாராம். முடிந்ததும் சபையில் ஒருவர், "நீங்கள் இவ்வளவு தூரம் வருவதற்கு ஊக்கம் கொடுத்தவர் யார்?" என்று கேட்டிருக்கிறார்.

"என்னோட குடும்பம்தான்னு சொன்னேன். இந்த நாள்ல நான் இங்க வரணும்னு அவங்க அவ்வளவு ஆசைப்பட்டாங்கன்னு சொன்னேன். எல்லாரும் எழும்பி நின்னு கைதட்டினாங்க சித்தப்பா."

வேனில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சித்தப்பா வெகுநேரம் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்கா கென்யாத் தேயிலையும் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். ஊற்றிக் குடித்துப் பார்த்து, "கலர் இருக்கு. நம்ம ஊவா தேயில வாசம் வராது" என்று தீர்ப்புச் சொன்னார்.

அதன்பின் ஒவ்வோர் ஆடியிலும் என் மனைவி மஞ்சள் கயிறு மாற்றும்போது மூன்றாவது முடிச்சு அக்காவுடையதாகவே இருந்தது. உறவினரும் பழகிவிட்டார்கள். ஓய்வு பெற்று எங்களோடு இருந்த காலத்தில் அக்காவுக்கு நோய் வந்தது. வைத்தியசாலையில் ஒருநாள் என் மனைவியின் கழுத்தைத் தொட்டு, "கயிறு நைஞ்சு போச்சே. ஆடி வரட்டும், மாத்திருவோம்" என்றார். ஆடி வரும்வரை அவர் இருக்கவில்லை.

அக்காவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், மழையையும் பாராமல் பாடையைச் சுமந்த தோட்டத்து மக்களுக்கும், இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்து நின்ற தொழிற்சாலைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் இருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வசந்தியின் கணவர் லொறி விபத்தில் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப்பின் அவள் எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நின்றதில்லை. சென்ற ஆடியில், கயிறு மாற்றும் நேரத்தில் என் மனைவி அவளைத்தான் கூப்பிட்டார். "வசந்தி, வா. மூணாவது உன்னோடது."

"நானா? வேணாம் அண்ணி" என்று அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

நாங்கள் எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய், மகளின் கையைப் பிடித்து அழைத்துவந்து, என் மனைவியின் பின்னால் நிறுத்தினார்.

"போடும்மா" என்றார். "உங்க அக்கா போட்ட மாதிரி இறுக்கிப் போடு."