ஐந்து நிமிட வேலை

நெவேனா கையால் எதையும் செய்ய மாட்டாள். ப்ளோவ்டிவ் நகரத்து மென்பொருள் அலுவலகம் ஒன்றில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவளுக்கு இருந்த ஒரே வைராக்கியம் அது. வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள், சாவிகள் எல்லாம் ஒரு மின்பெட்டகத்தில் இருந்தன. அந்தப் பெட்டகம் எப்படி இருக்க வேண்டும், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதை எல்லாம் அவள் நிரலாக எழுதிவைத்திருந்தாள். அவசரத்துக்கு எவனாவது நேரடியாகக் கைவைத்தால் அன்றைக்கு அவன் செத்தான்.

அந்தப் பெட்டகம் இப்போது காலி. குழந்தைகள் இருதய மருத்துவமனை ஒன்றின் பழைய அறுவைக் குறிப்புகளைத் திறக்கும் சாவி அதற்குள்தான் இருந்தது. அங்கிருந்து டாக்டர் பெஞ்சேவா இன்று காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். நேற்று நெவேனாவின் பெயர்நாள் விருந்து, அந்த ஊரில் அதுவும் பிறந்தநாள் மாதிரிதான். வீட்டிலிருந்து பாலாடைக்கட்டி வைத்த பானிட்சா சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதே காலையில் நிரலில் பெட்டகத்தின் பெயரை மாற்றினாள், பெயரை மட்டும்தான். பாழாய்ப்போன அந்தக் கருவிக்குப் பெயர் மாற்றுவதென்றால் பழையதை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டுவது. 'ஒன்று அழியும், ஒன்று உருவாகும்' என்று திரையில் சொல்லத்தான் செய்தது. சரிபார்க்க வேண்டிய திஹோமிர் ஒரு கையில் பானிட்சாவோடு, "பாத்துட்டேன்க்கா, நல்லாருக்கு" என்று பொத்தானை அமுக்கினான். பானிட்சாவைச் சொன்னானோ நிரலைச் சொன்னானோ, அவளும் கேட்கவில்லை.

நான்கு நிமிடத்தில் கதவு, பூட்டு, அனுமதி எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டன. உள்ளே இருந்த ரகசியங்கள் மட்டும் வரவில்லை. ரகசியத்தை நிரலில் எழுதக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான்.

"காப்புப் பிரதி இருக்குல்லக்கா?" திஹோமிர் கேட்டான்.

"இருக்குடா. திறக்க ரெண்டு பேரோட சாவித்துண்டு வேணும். என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

காப்புப் பிரதியின் சாவியை மூன்று துண்டாக்கியிருந்தார்கள், எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும். ஒன்று அவளிடம், மற்ற இரண்டும் கூட வேலை பார்த்த லூபெனிடமும் ஓக்னியானிடமும். போன இலையுதிர்காலத்தில் ஓக்னியான் டப்ளினுக்கு வேலை மாறிப் போனான். வெளியேறுகிறவர் தன் துண்டை அழிக்க வேண்டும், மிச்சமிருப்பவர்கள் புதுத் துண்டுகள் செய்துகொள்ள வேண்டும். இதுதான் விதி. "வா, நாம ரெண்டு பேரும் உக்காந்து கையாலயே பண்ணிடலாம், அஞ்சு நிமிஷ வேலை" என்று லூபென் எத்தனை தடவை கூப்பிட்டார். "அதுக்கும் நிரல் எழுதிட்டிருக்கேன் அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்றாள். ஏழு வாரம் எழுதினாள். எட்டாவது வாரம் லூபென் மாரடைப்பில் போய்விட்டார். ஆள் போன மறுநாளே அவருடைய கணினியை, அதிலிருந்த துண்டோடு சேர்த்து, அவளுடைய இன்னொரு நிரல் துடைத்துவிட்டது. அந்த அரைகுறை வேலையை அப்புறம் அவள் எடுக்கவே இல்லை.

மதியம் டப்ளினுக்குப் பேசினாள்.

"ஓக்னியான், நீ விதியெல்லாம் மதிக்கிற ஆளு இல்லையே. அந்தத் துண்டை எங்கயாவது எழுதி வச்சிருப்பியே?"

"வச்சிருப்பேன். உன் வாய்க்குப் பயந்துதான் அழிச்சேன்." பிறகு கேட்டான், "ஏன் நெவேனா, லூபெனோட சேர்ந்து புதுசு பண்ணலையா?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள். எல்லாம் தன்னுடைய நாசமாய்ப் போன திமிர், வேறென்ன? திஹோமிர் ஏதோ கேட்டான், அவள் காதில் விழவில்லை.

நான்காவது முறை டாக்டர் கூப்பிட்டார்.

"எப்ப வரும்னு மட்டும் சொல்லும்மா. புதன்கிழமை ஒரு பிள்ளைக்கு ஆபரேஷன் வச்சிருக்கோம்."

"வராது டாக்டர்." சொல்லிவிட்டாள். "இனிமே வராது. என்னாலதான்."

மறுமுனையில் திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை பண்ணியிருக்காங்க. உள்ளே எந்த ரத்தக்குழாயை எங்கே சேர்த்தாங்கன்னு அந்தக் குறிப்புலதான் இருந்துச்சு. பண்ணின டாக்டரும் இப்ப உயிரோட இல்ல." பெஞ்சேவா அவளுக்குச் சொல்வதுபோல் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டார். "சரி, நெஞ்சைத் திறந்தப்புறம்தான் பாக்கணும். அவங்கம்மா வெளியே உக்காந்திருக்காங்க, நான் போய்ச் சொல்றேன்."