கதவில் தொங்கிய பலகை

இன்றிரவு பனிப்புயல் என்று காலையிலேயே கைபேசி அலறியது. தெருவில் உப்பு வண்டி சரசரவென்று உப்பைத் தூவிக்கொண்டு போனது. பீலெஃபெல்ட் நகரில் நாங்கள் முன்பு இருந்த குடியிருப்பு நினைவுக்கு வந்தது.

அங்கே நடைபாதைப் பனியை வழிப்பது வாரம் ஒரு வீட்டின் முறை. முறைக்காரர் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். வானொலி புயல் என்று சொன்னால் போதும், கீழ்வீட்டுக் கிழவர் தன் கதவுப் பலகையைக் கழற்றி எங்கள் கதவில் மாட்டிவிடுவார். பனியில்லாத வாரங்களில் அது அவரிடமே பத்திரமாக இருக்கும். பெரிய ஒழுங்குக்காரர்!

“அப்பா, இது எங்கட முறை இல்லையெல்லோ?”

“பேசாமல் இரு பிள்ளை. எங்களுக்கு இன்னும் விசா வரேல்லை.”

விசா வந்த பிறகும் அப்பா வழித்தார். வழித்துக்கொண்டே, கதகதப்பாக வெளியே வரும் கிழவருக்குச் சிரித்த முகத்தோடு “கூட்டன் மோர்கன்” என்று காலை வணக்கம் வேறு சொல்வார். கிழவரைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

இப்போது இருக்கும் குடியிருப்பிலும் அதே வழக்கம்தான்; இன்று பலகை என் கதவில் தொங்குகிறது. முறையும் என்னுடையதுதான். மேல்வீட்டுக்குப் புதிதாக ஓர் அகதிக் குடும்பம் வந்திருக்கிறது. முறையெல்லாம் அவர்களுக்கு இன்னும் தெரியாது.

பலகையைக் கழற்றிக்கொண்டு பாதிப் படி ஏறியிருப்பேன். மேலே கதவு திறந்தது. அந்த மனிதர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் போலவே சிரித்துக்கொண்டு சொன்னார்:

“கூட்டன் மோர்கன்.”