கப்டன் வேடத்தில் இம்மாகுலேற்

லண்டனின் சட்டன் பகுதியில் தாதியாக வேலை செய்த இம்மாகுலேற், 1991ஆம் ஆண்டு தங்கள் தமிழ்ப் பங்குக் கோவிலின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதினாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் எல்லைக் கோட்டைகளில் சிப்பாயாகத் தொடங்கி, கப்டனாக உயர்ந்த ஒருவரின் கதை அது. நூலகத்தில் அவர் வரலாற்றைப் படித்த நாள் முதல் அவளுக்கு வேறு நினைப்பில்லை.

"எங்கட சனத்துக்கு அமெரிக்கப் பட்டாளத்தான்ர கதை என்னத்துக்குப் பிள்ளை?" என்று விழாத் தலைவர் கிறிஸ்துநாயகம் சிரித்தார்.

"செவ்விந்தியரின்ர ஊரைக் கொளுத்தச் சொல்லிக் கட்டளை வர, ஏலாது எண்டு சொன்ன மனுசன், அண்ணை. அப்பிடி ஒரு பட்டாளத்தானை நாங்கள் கண்டிருக்கிறமோ?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, போடுவம்" என்றார்.

கப்டனாக நடிக்க ஆண்கள் எவரும் முன்வரவில்லை. நீலச் சட்டையொன்றைத் தைத்து அவளே போட்டுக்கொண்டாள்.

விழாவன்று, இடுப்பு வாளைக் கழற்றித் கட்டளையிட்ட தளபதியின் முன்னால் போட்டுவிட்டு, "கொளுத்த ஏலாது!" என்று முழங்கினாள். ஈழத்தின் எரிந்த ஊர்களிலிருந்து வந்த அந்தச் சனம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

இம்மாகுலேற் நெஞ்சை நிமிர்த்தி, இன்னும் உரக்கச் சொன்னாள்.